ஹாஜியாரின் சிவப்புக் காரும் மூன்று முன்கண்ணாடிகளும்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துப் போய்விடுகிறார். டாக்டரிடம் நாக்கை நீட்டுவதுபோலத் தன் காரின் முன்கண்ணாடியைக் காட்டுகிறார். "செபஸ்தியான், இந்தக் கீறல் ஓடுமா, நிக்குமா?" நான் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு "ஓடும்" என்றோ "நிக்கும்" என்றோ சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடம் ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது வருகிற கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவுக்கு ரோடு எது, கோடு எது என்று மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அதற்கென்றே கம்ப்யூட்டர் படித்த ஒரு பெண் எங்கள் கடைக்கு வந்தாள். என் பிரிவு விருந்தில் அவள்தான் கேட்டாள்: "அங்கிள், நீங்க மாட்டினதுலயே ரொம்பக் கஷ்டமான கிளாஸ் எது?"

டபுள் டெக்கர் பஸ் என்று சொல்வேன், கிரேன் என்று சொல்வேன் என எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நான் "ஹாஜியாரோட சிவப்புக் காடி" என்றேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. விருந்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிம் தவுக்கே சிகாமட் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே சில்லறைக் கடை வைத்திருந்தார். பால் மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்ததால் லிம் தவுக்கே எங்களைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் சீனம். நானும் அதே பக்கத்து எஸ்டேட்காரன். ஆற்று வெள்ளம் லயத்துக்குள் வந்த வருடம் வேலை தேடித் தெப்ராவுக்கு வந்தேன். முதல் ஆறு மாதம் உடைந்த கண்ணாடியைக் கூட்டினேன். அடுத்த ஒரு வருடம் பழைய பசையைச் சுரண்டினேன். மூன்றாம் வருடம்தான் ஒரு லாரியின் கண்ணாடியைத் தூக்கவிட்டார்.

கடைக்குள் நுழைந்தால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், சட்டைப்பைப் பேனா எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். காரின் மேல் சாயும்போது பெல்ட் பக்கிள் ஒரு கோடு போட்டால் அது நம் தலையில் விழும். தவுக்கே தன் கால்சட்டையை நீல நிற ராஃபியா கயிற்றால் கட்டியிருப்பார். மலாயில் கயிற்றுக்கு 'தாலி' என்று பெயர். "உங்க தவுக்கே இடுப்புல தாலி கட்டிட்டு நிக்கிறாரு" என்று என் மனைவி கடைசிவரை கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தூக்கும்போது யாரும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. தவுக்கே மட்டும் ஒரே ஒரு சொல் சொல்வார். "வா." அதுவும் எங்களிடம் இல்லை, கண்ணாடியிடம். மாட்டி முடித்த மறுநாள் டாஷ்போர்டின் மேல் ஒரு சீனப் பத்திரிகையை விரித்துவிட்டு, வெளியிலிருந்து ரப்பர் குழாயில் கால் மணி நேரம் தண்ணீர் அடிப்பார். பிறகு பத்திரிகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓர் எழுத்து நனைந்திருந்தாலும் கண்ணாடியைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு நாள் மதியம், அந்தச் சிவப்புக் கார் வந்தது.

இரண்டே பேர் உட்காரக்கூடிய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழேதான் அதன் கூரை. உறுமிக்கொண்டு வர வேண்டிய வண்டி நோயாளிபோல ஊர்ந்து வந்து நின்றது. கதவு திறந்தது. ஒரு செருப்புக் கால் வெளியே வந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு இரண்டு உள்ளங்கைகள் சிமெண்டுத் தரையில் ஊன்றின. பிறகு வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி. அறுபத்தெட்டு வயது மனிதர், நல்ல கனம், நான்கு காலில் தவழ்ந்து என் கால் பக்கம் வந்தார். நான் தூக்கிவிடக் குனிந்தேன்.

"தொடாதீங்க தம்பி. பாதியில தொட்டா மறுபடி உள்ள விழுந்துருவேன்."

அப்படித்தான் இப்ராஹிம் ஹாஜியாரை நான் முதன்முதலில் பார்த்தேன். பத்து பாகாட் என்ற ஊரில் பெரிய சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பியவர், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டி, மதியம் வந்து சேர்ந்திருக்கிறார். கண்ணாடியின் நடுவில் நட்சத்திரம்போல ஓர் உடைசல். லாரியிலிருந்து தெறித்த கல். சந்தேகமே இல்லை, வெளிப்பக்கம் சின்னப் பள்ளம் இருந்தது.

"இந்த மாடலுக்கு இங்க கிளாஸ் கிடையாது ஹாஜியார். வெளிநாட்டுல இருந்து வரணும். பத்து வாரம் ஆகும்" என்றேன். வழக்கமாக இதைக் கேட்டவுடன் வாடிக்கையாளர் மேசையில் அடிப்பார். ஹாஜியாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பத்து வாரமா? நல்லா மெதுவா வரட்டும் தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல. அதுவரைக்கும் காடி இங்கயே இருக்கலாம்ல?"

அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

கண்ணாடி வந்தது. அந்த மாதிரிக் காருக்குத் தவுக்கே வேறு யாரையும் விடமாட்டார். அவர் காருக்குள், நான் வெளியே. வைப்பரையும் ஓரப் பட்டைகளையும் கழற்றி, எஞ்சின் முன்மூடியின் மேல் கம்பளி போர்த்தினோம். ஊசியால் பழைய பசையில் ஓர் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியை உள்ளே விட்டேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. ரம்பம் இழுப்பதுபோல மாறி மாறி இழுத்துச் சுற்றி வந்தோம். பசை அறுபட்டதும் உறிஞ்சு கப்புகளை ஒட்டித் தூக்கினோம். பழைய பசையை முழுக்கச் சுரண்டக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் விட்டால்தான் புதுப் பசை அதைப் பிடிக்கும். பிறகு கறுப்புப் பசையை எங்கும் நிறுத்தாமல், ஒரே மூச்சில், சுற்றிவர ஒரே உயரத்தில் போட வேண்டும். இந்தக் காருக்கு அதைப் போடும்போது நான் உண்மையாகவே மூச்சை அடக்கியிருந்தேன். "வா" என்றார் தவுக்கே. கண்ணாடி வந்து உட்கார்ந்தது. மறுநாள் பத்திரிகையில் ஓர் எழுத்துகூட நனையவில்லை.

மூன்றே வாரம். சிவப்புக் கார் மறுபடி ஊர்ந்து வந்தது. ஹாஜியார் மறுபடி தவழ்ந்து வெளியே வந்தார். இந்தத் தடவை கூடவே ஒரு சாக்கு.

"டுரியான் விழுந்துருச்சு தம்பி. சாட்சிக்குக் கொண்டாந்திருக்கேன்."

சாக்கைப் பிரித்தேன். பெரிய டுரியான் பழம். ஜொகூர் முழுக்க மரங்கள் பூகூட விடாத மாதம் அது. பழத்தின் காம்பு கத்தியால் ஒழுங்காக நறுக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு சூப்பர்மார்க்கெட் ஸ்டிக்கர். அதில் தாய்லாந்து எழுத்து.

"எந்த மரம் ஹாஜியார்?"

"வீட்டுக்குப் பின்னாடி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அன்று தவுக்கே உறவினர் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போயிருந்தார். இன்சூரன்ஸ் பாரத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். ஹாஜியார் எனக்கென்று தனியாக முர்தபாக் ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார், இன்னும் சூடாக இருந்தது. அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வயதான முகத்தில் தெரிந்த கெஞ்சலுக்காக என்றும் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் செய்தது நான்தான். 'மேலிருந்து விழுந்த பொருள்' என்று எழுதினேன். புகைப்படம் எடுக்கும்போது ஸ்டிக்கர் தெரியாதபடி டுரியானைத் திருப்பி வைத்தேன்.

மறுபடி பத்து வாரம். மறுபடி கம்பி, பசை, "வா". ஹாஜியார் காரை எடுக்க வந்தபோது, புதைக்கப்போகிற இடத்துக்கு வந்தவர்போல வந்தார்.

மூன்றாவது தடவை குரங்கு.

"கிராமத்துப் பக்கம் நிறுத்தியிருந்தேன். குரங்கு கல்லெடுத்து அடிச்சிருச்சு" என்றார். இந்தத் தடவை தவுக்கே என் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைப் பார்த்தார். நகத்தால் வெளிப்பக்கம் தடவினார், வழவழப்பாக இருந்தது. கதவு வழியாகக் கையை விட்டு உள்பக்கம் தடவினார். அங்கே நகம் சிக்கியது.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். எந்தப் பக்கம் அடி விழுந்ததோ அந்தப் பக்கத்துத் தகட்டில்தான் பள்ளம் இருக்கும். ஆக, அந்தக் குரங்கு காருக்குள் உட்கார்ந்துகொண்டு அடித்திருக்கிறது.

அது மட்டும் இல்லை. டாஷ்போர்டின் மேல் ஓரமாக எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில். காற்று வரும் துளைக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி வந்தன. தவுக்கே குனிந்து, ஏதோ பிசுபிசுப்பை விரலால் தொட்டு, நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் சுவைத்தார்.

"டின் பால்" என்றார். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஹாஜியார், உங்க ஊருக் குரங்கு தே தாரேக் டீ போடுமா?"

ஹாஜியார் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"காலுறைக்குள்ள பால் டின்னைப் போட்டுச் சுத்தி அடிச்சேன். போன தடவையும் அப்படித்தான். இந்தத் தடவை டின் உடைஞ்சிருச்சு."

"ஏன் ஹாஜியார்?" என்றேன்.

அவர் சொன்னார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவருடைய ஒரே மகன் நசீர் வாங்கித் தந்த கார் அது. பழைய கார்தான், ஆனாலும் பல வருடச் சேமிப்பு. நசீருக்கு ஏழு வயதாக இருந்தபோது, மேசை துடைத்துக்கொண்டிருந்த ஹாஜியார் ரோட்டில் போன ஒரு சிவப்புக் காரைக் காட்டி, "அத்தா ஒருநாள் அதுல போவேன் பாரு" என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு அது மறந்துபோய்விட்டது. மகனுக்கு மறக்கவில்லை.

"ஏறுறது கஷ்டம் இல்ல தம்பி, விழுந்தா போதும். இறங்கத்தான் முடியல. ரெண்டு முட்டியும் போச்சு. என் கடை வாசல்ல, என் கஸ்டமருங்க முன்னால, குழந்தை மாதிரி தவழ்ந்து வர்றேன். ஒருத்தன் வீடியோ எடுத்துட்டான். ஒருநாள் நான் வெளிய வர்றதுக்குள்ள அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாங்க."

"அப்படின்னா மகன்கிட்ட வேணாம்னு சொல்லுங்க லா" என்றார் தவுக்கே.

"எப்படிச் சொல்ல? சனிக்கிழமையானா 'அத்தா, வாங்க ஒரு ரவுண்டு'ன்னு வந்து நிக்கிறான். காடி உடைஞ்சிருந்தா வெறுமனே உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிட்டுப் போறான். எனக்கு அதான் வேணும்."

தவுக்கே உள்ளே போனார். நான் பின்னாலேயே போய் டுரியான் ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சீனத்தில்கூடத் திட்டவில்லை. நான் எழுதிய பாரத்தின் நகலை எடுத்து என்னிடம் கொடுத்து, "படி" என்றார். படித்தேன். "சத்தமா." படித்தேன். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை படிக்கும்போது 'மேலிருந்து' என்ற சொல்லில் என் குரல் இறங்கிவிட்டது.

"நாளைக்கு இன்சூரன்ஸ்ல இருந்து ஆள் வருது" என்றார். "ஒரே காடிக்கு இத்தனை கிளாஸ் ஏன்னு கேட்க வருது. நீ பார்த்ததைச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அன்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் எங்கள் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பதினொரு பேருக்கு வேலை போகும். ஒரு டுரியானைத் திருப்பி வைத்ததற்கு.

மறுநாள் வந்தவர் மிஸ் புஷ்பா. முப்பது வயது இருக்கும், கையில் ஒரு டேப்லெட், முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. நான் முதலில் டுரியானைச் சொன்னேன், ஸ்டிக்கரோடு. பிறகு, ஊருக்குப் போகாமல் தெப்ராவிலேயே தங்கியிருந்த ஹாஜியார் எழுந்து, "மூணாவதும் ரெண்டாவதும் நான்தாம்மா அடிச்சேன்" என்றார்.

மிஸ் புஷ்பா டேப்லெட்டைப் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"கல், மரக்கிளை, விழுந்த பொருள், மிருகம், திருட்டு, கலவரம்" என்று வாசித்தார். "சொந்தக்காரரே அடிச்சதுன்னு ஒண்ணு இல்ல பாய். 'மற்றவை' போட்டா விளக்கம் எழுதணும். என்ன எழுத?"

ஹாஜியார் யோசித்தார். "முட்டி வலின்னு போடுங்கம்மா."

தவுக்கே உடனே வெளியே போனார். வாசலில் சாக்கடைப் பக்கம் திரும்பி நின்று அவர் தோள் குலுங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைக்குள் சிரிக்கக் கூடாது என்ற சட்டத்தை அவரே மீற முடியாது அல்லவா?

மிஸ் புஷ்பா சிரிக்கவில்லை. "எனக்குப் புரியல. இறங்கிக் காட்டுங்க" என்றார். ஹாஜியார் காருக்குள் விழுந்து, தவழ்ந்து வெளியே வந்தார். ஆறு நிமிடம் ஆனது. முடிவில் அந்தப் பெண் டேப்லெட்டைத் தரையில் வைத்துவிட்டு அவரைத் தூக்கி நிறுத்தினார். விசாரணை அத்தோடு முடிந்தது. மூன்றாவது கண்ணாடிக்குப் போட்டிருந்த இன்சூரன்ஸ் கோரிக்கையை ஹாஜியார் விலக்கிக்கொண்டார், டுரியான் கண்ணாடிக்கான தொகையையும் திருப்பிக் கட்டினார். எங்கள் கடைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் நான் எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. தவுக்கே அந்தக் கடிதத்தை ஒளித்து வைக்கவில்லை. கல்லா மேசையின் கண்ணாடிக்கு அடியில், வாடிக்கையாளர் படிக்கிற பக்கமாக வைத்தார்.

மகனிடம் மட்டும் நாங்கள் சொல்லக் கூடாது என்று ஹாஜியார் கேட்டுக்கொண்டார். "வர்ற சனிக்கிழமை நானே சொல்லிருவேன்" என்றார். ஒன்பது சனிக்கிழமை போனது. சொல்லவில்லை. கண்ணாடி வந்துவிட்டது.

மாட்டிய நாளும் ஒரு சனிக்கிழமைதான். ஹாஜியார் பஸ்ஸில் வந்து காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின வாரமே ஆள் அனுப்பிக் காருக்கு மெழுகுப் பாலிஷ் போட வைத்திருந்தார், மகன் பார்த்தால் பளபளவென்று இருக்கட்டும் என்று. எங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேநீர் வாங்கி வந்து நீட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கலவரத்தில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் கதவுக் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது கதவை அடைக்கும்போது உள்ளே இருக்கும் காற்று போக இடமில்லாமல், ஈரப் பசையில் உட்கார்ந்திருக்கும் முன்கண்ணாடியைத் தூக்கிவிடும். இரண்டும் முழுக்க ஏற்றியபடியே இருந்தன.

"வா" என்றார் தவுக்கே. கண்ணாடி உட்கார்ந்தது. அழகாக உட்கார்ந்தது. நான் டேப் எடுக்கத் திரும்பினேன்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நசீர். சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் பத்து பாகாட்டுக்குப் போகிறவன், அத்தா தெப்ராவில் இருக்கிறார் என்று அம்மா சொல்லக் கேட்டு, போகிற வழிதானே என்று வந்துவிட்டான். ஹாஜியார் அவனைப் பார்த்தார். கண்ணாடியைத் தானே உடைத்த கதையை நாங்கள் உளறிவிடுவோமோ என்று பயந்தாரோ என்னவோ, அந்த முட்டிகளோடு எப்படி ஓடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே விழுந்தார். கதவை இழுத்து அறைந்து சாத்தினார்.

'புப்' என்று ஒரு சத்தம். பெரிய மீன் வாயைத் திறந்தது மாதிரி. கண்ணாடியின் என் பக்கத்து மேல்மூலை அரை அங்குலம் எழும்பியது.

"அலமாக்!" தவுக்கே பாய்ந்து ஒரு பக்கம் அழுத்தினார். நான் மறுபக்கம். பசை கறுப்பாக வழிந்தது. டேப் ஒட்டினேன், நிற்கவில்லை. மறுபடி ஒட்டினேன், வாழை இலையில் ஒட்டியதுபோல வழுக்கி விழுந்தது. அந்த மெழுகுப் பாலிஷ்! பசை இறுகும்வரை கையால் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. தவுக்கே இடது பக்கம், நான் வலது பக்கம், முன்மூடியின் மேல் வயிறு பட, கண்ணாடியைக் கட்டிப் பிடித்தபடி. எங்களுக்கு நேர் எதிரே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கேயோ போய்க்கொண்டிருப்பவர்போல ஹாஜியார்.

நசீர் வந்து நின்றான். மூக்குக்கண்ணாடி போட்ட, மெலிந்த பையன். எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன நடக்குது?"

உள்ளே ஹாஜியாரின் உதடு அசைந்தது. "என்னத்தா? கேக்கல!" என்றான். எனக்குக் கேட்டது. என் மூலையில் இன்னும் நூல் அளவு இடைவெளி இருந்தது, அவர் குரல் அந்த வழியாக நேரே என் காதுக்குள் வந்தது.

"செபா, அவன்கிட்டச் சொல்லு. நான்தான் உடைச்சேன்னு சொல்லு."

நான் தவுக்கேயைப் பார்த்தேன். கண்ணாடி வேலையில் ஒரு சொல்கூடப் பேசவிடாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லு" என்றார்.

"நான்தான் உடைச்சேன்" என்றேன்.

"நீங்களா?" என்றான் நசீர்.

"நான் இல்ல தம்பி. உங்க அத்தா சொல்றாங்க. ரெண்டு தடவை. பால் டின்னால."

நசீர் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு அத்தாவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"ஏன்?"

அந்த இடைவெளி வழியாக வந்ததையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். முட்டி. கடை வாசல். வீடியோ. அசர் பாங்கு. என் கை மரத்துக்கொண்டு வந்தது, மூக்கில் வியர்வை சொட்டியது, துடைக்க முடியவில்லை. இன்னொருவரின் வாழ்க்கையை 'நான், எனக்கு' என்று சொல்லிக்கொண்டே போவது எவ்வளவு கூச்சம் என்று அன்றுதான் தெரிந்தது. நசீரின் முகம் சிவந்துவிட்டது.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதே! இத்தனை மாசம் என்னை முட்டாளாக்கிட்டு... ஏன் சொல்லல?"

உள்ளேயிருந்து பதில் மெதுவாக வந்தது. நான் அதை அப்படியே சொன்னேன்.

"காடி இல்லன்னா நீ எதுக்கு வருவ?"

நசீர் திரும்பி வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். ஹாஜியாரும் அப்படித்தான் நினைத்தார், ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் கை எடுக்க முடியாது, அவர் தோளைத் தொட முடியாது. ஒரு சாண் தூரத்தில் ஒரு மனிதர் அழுவதை, புத்தம் புதுக் கண்ணாடி வழியாக, துல்லியமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு நசீர் திரும்பி வந்தான். தவுக்கேயிடம் கேட்டான்: "அங்கிள், அத்தாவை இப்ப வெளிய எடுக்கலாமா?"

"முடியாது" என்றார் தவுக்கே. "இவர் இறங்கினா கிளாஸ் ஓரத்துத் தூணைப் பிடிச்சு ஆட்டுவாரு. கிளாஸ் போயிரும். நாலு மணி நேரம் ஆடாம இருக்கணும்."

"அப்படின்னா நான் உள்ள உட்காரலாமா?"

தவுக்கே யோசித்தார். அவர் வாழ்க்கையில் இதற்கு விதி இல்லை. "பூனை மாதிரி ஏறணும்" என்றார். "கதவைச் சாத்தக் கூடாது."

நசீர் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனையைவிட மெதுவாக ஏறினான். நான் கையை எடுக்கும் அளவுக்குப் பசை இறுகியதும் ஹாஜியார் பக்கத்துக் கதவையும் மெல்லத் திறந்து வைத்தேன். தவுக்கே காரைச் சுற்றி ராஃபியா கயிறு கட்டி, யாரும் கிட்டே வரக் கூடாது என்றார். வந்த வாடிக்கையாளர்களைப் பக்கத்துக் கடையில் போய்க் காப்பி குடிக்கச் சொன்னார். அந்த நாலு மணி நேரமும் அப்பாவும் மகனும் எங்கும் போகாத காரில் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேசினார்கள். ஒரு சமயம் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை போட்டார்கள். ஒரு சமயம் நசீர் பால் டின்னைச் சுற்றுவதுபோலக் கையைச் சுற்றிக் காட்ட, ஹாஜியார் இல்லை இல்லை என்று வேறு விதமாகச் சுற்றிக் காட்டினார். நான் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கிக் கதவு வழியாக நீட்டினேன். மற்றபடி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இடைவெளிதான் அடைபட்டுவிட்டதே.

மூன்று மணிக்குத் தவுக்கே தலையசைத்தார். ஆனால் ஹாஜியார் இறங்கவில்லை. "ஓட்டுற இடத்துல இருந்து அந்தப் பக்கம் மாறி உட்கார மட்டும் உதவி பண்ணுங்க" என்றார். "இவன் ஓட்டட்டும். ஒரே ஒரு தடவை ஒழுங்கான வேகத்துல வீட்டுக்குப் போறேன்." நானும் நசீரும் அவரைத் தூக்கி மாற்றினோம். சிவப்புக் கார் முதன்முதலாக உறுமிக்கொண்டு எங்கள் கடையை விட்டுப் போனது.

இரண்டு மாதத்தில் அதை விற்றுவிட்டார்கள். நசீர் தன் சாதாரணக் காரிலேயே சனிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தான் என்று ஹாஜியார் அவ்வப்போது போனில் சொல்வார். ஆனால் என் நினைவில் நிற்பது, கண்ணாடி மாட்டிய அன்று மாலை ஆறு மணிக்கு வந்த போன்தான். நான் பசைக் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன்.

"செபா, வந்து சேர்ந்துட்டோம். இறக்கிட்டானுங்க."

"எப்படி ஹாஜியார்?"

"ஒளிக்கிறதுக்கு இனி என்ன இருக்கு? கடை வாசல்லயே நிறுத்தச் சொன்னேன். ரோட்டி சானாய் மாவு வீசுற பயலுங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தன் கையை, ஒருத்தன் காலை. மாவு மாதிரி இழுத்து வெளிய போட்டானுங்க. கடையே எழுந்து நின்னு கை தட்டுது."

அவர் சிரிக்கிற சத்தத்தில் பின்னால் கடைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"ஹாஜியார், கிளாஸ்?"

"என் மானந்தான் போச்சு தம்பி" என்றார். "கிளாஸ் ஜம்முனு இருக்கு."